மண்ணுக்குள் போகும் பெயர்

ஜார்ஜியாவில், திபிலீசியிலிருந்து மேற்கே குத்தாய்சி போகும் நெடுஞ்சாலை ரிகோட்டி மலையைக் கடந்து இமெரெட்டிப் பகுதிக்குள் இறங்குகிறது. ஷ்ரோஷா நெருங்க நெருங்கச் சாலையோரம் முழுக்க மண்பாண்டக் கடைகள். குடங்கள், குவளைகள், பூந்தொட்டிகள். நான் பார்க்கப் போனது க்வெவ்ரிகளை. நம் ஊர்க் குதிர் போல ஆளுயரம் நிற்கும், அடி கூம்பிய தாழிகள். ஜார்ஜியர்கள் இவற்றைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து, உள்ளே வைன் செய்கிறார்கள்.

இந்த வைனைப் பற்றி உலகம் இப்போது நிறையப் பேசுகிறது. 2013-ல் யுனெஸ்கோ இந்த முறையைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. திபிலீசிக்குத் தெற்கே கிடைத்த பானை ஓடுகளில் கி.மு. 6000-ஐ ஒட்டிய காலத்துத் திராட்சை வைனின் தடயங்கள் இருப்பதாக 2017-ல் ஓர் ஆய்வு சொன்னது. வைன் விமர்சகர்கள் தேடி வருகிறார்கள். அவர்கள் எழுத்தில் திராட்சையின் ரகம் இருக்கிறது, தோட்டத்து மண் இருக்கிறது, அந்த ஆண்டு பெய்த மழை இருக்கிறது. தாழியை வனைந்தவர் அநேகமாக இருப்பதில்லை. அவரைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

திபிலீசியில் மருத்துவம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் பலர். என் நண்பரின் மகளும் அங்கேதான் படிக்கிறாள். நோயாளிகளிடம் பேசுவதற்காக ஜார்ஜிய மொழி கற்றிருக்கிறாள். அவள் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாவின் உறவினர் ஒருவர் தாழி செய்பவர். அப்படித்தான் அந்தப் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

பெரியவருக்கு எழுபதுக்கு மேல். பட்டறையில் வெவ்வேறு உயரத்தில் ஏழெட்டுத் தாழிகள் பாதியில் நின்றன. சக்கரம் எங்கே என்று கண்கள் தேடின. சக்கரமே கிடையாது. நம் குயவர் உட்கார்ந்திருக்க மண் சுற்றும். இங்கே தாழி அசையாமல் நிற்க, இவர் அதைச் சுற்றி நடக்கிறார். களிமண்ணைக் கயிறாகத் திரித்து விளிம்பின் மேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்தி, மேலும் கீழும் இழைத்துவிடுகிறார். ஒரு சாண் உயர்ந்ததும் நிறுத்திவிட்டு அடுத்த தாழிக்குப் போகிறார். முந்தின சுற்று இறுகும் முன் மேலே மண் ஏற்றினால் சுவர் உட்கார்ந்துவிடும். பெரிய தாழி ஒன்று முடிய இரண்டு மூன்று மாதம் ஆகும்.

"அவசரப்பட முடியாதா என்று கேட்கவா, மாமா?" என்றாள் அவள். கேட்டாள். பெரியவர் சிரிக்கவில்லை. "மண் சம்மதிக்காது" என்றார்.

பிறகு சூளை. தாழிகளை உள்ளே நிறுத்தி, வாயைச் செங்கல் வைத்து அடைத்து, ஒரு வாரம் விறகு எரிக்கிறார்கள். தீ சிறிதாகத் தொடங்கி ஆயிரம் டிகிரியை எட்ட வேண்டும். இரவும் பகலும் ஒருவர் கண் விழித்திருக்க வேண்டும். ஆறும்போது, சூடு இன்னும் மிச்சமிருக்கையிலேயே உட்புறம் தேன்மெழுகு பூசுகிறார்கள். மெழுகு மண்ணின் நுண்துளைகளுக்குள் இறங்குகிறது. துளை பெரிதாக இருந்தால் காற்று நுழைந்து வைன் காடியாகிவிடும்.

வெந்த தாழியை அவர் விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். கணீரென்று நீண்டால் நல்லது. ஒலி சட்டென்று செத்துவிட்டால் எங்கோ விரிசல். விமர்சகரின் நாக்கு எவ்வளவு நுட்பமானதோ அவ்வளவு நுட்பமானது இந்தக் காது.

அவருடைய அப்பாவும் தாத்தாவும் இதே தொழில். சோவியத் காலத்தில் அரசு ஆலைகளுக்குத் தேவைப்பட்டது அளவு. பெரிய தொட்டிகளில் வைன் பெருகியது. தாழியை வீட்டுக்காரர்கள் மட்டும் வாங்கினார்கள். 1985-ல் கோர்பச்சேவின் மது எதிர்ப்பு இயக்கம் வந்தபோது திராட்சைத் தோட்டங்களே வெட்டப்பட்டன. இவர் பூந்தொட்டியும் ரொட்டி அடுப்பும் செய்து பிழைத்தார். தொண்ணூறுகளில் அதற்கும் ஆளில்லை; ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போனார். இத்தாலிய வைன் தயாரிப்பாளர் யோஷ்கோ கிராவ்னர் 2001-ல் ஜார்ஜியத் தாழிகளில் வைன் செய்யத் தொடங்கியதும் ஐரோப்பா திரும்பிப் பார்த்தது. 2006-ல் ரஷ்யா ஜார்ஜிய வைனுக்குத் தடை போட்டது. 2013 வரை அது நீடித்தது. பெரிய சந்தை மூடியதால் தரத்தை நம்பி மேற்கே போக வேண்டிய கட்டாயம். தாழிக்கு மறுபடியும் மதிப்பு வந்தது. இவரும் ஊர் திரும்பினார்.

பக்கத்து வீட்டில் தோட்டத்துக் கொட்டகையின் கீழ் தாழிகள் புதைந்திருந்தன. சாற்றோடு தோலும் விதையும் போட்டு, தானே நுரைத்து அடங்கும்வரை கிளறிவிட்டு, மூடி களிமண் பூசிவிடுவார்கள். வசந்தத்தில் திறப்பார்கள். விதை கூம்பின் அடியில் தங்கிவிடுவதால் கசப்பு மிகுவதில்லை. பூமியின் குளிர்ச்சி ஆண்டெல்லாம் அதிகம் மாறுவதில்லை. எனக்கு ஊற்றித் தந்தது தேன் நிறத்தில் இருந்தது. வெள்ளைத் திராட்சை வைனில் நான் எதிர்பாராத துவர்ப்பு. பின்னால் வாதுமை, உலர்ந்த பழம். வெளிறித் தெளிந்த வெள்ளை வைனிலேயே நாக்கைப் பழக்கியவர்கள் முன்பு இந்த நிறத்தைக் கெட்டுப்போனதன் அடையாளம் என்று கருதினார்கள். இன்று அதே நிறத்துக்காகக் கூடுதல் விலை தருகிறார்கள்.

அந்த விலை பெரியவரிடம் வருவதில்லை. ஆயிரம் லிட்டர் தாழி ஒன்றில் 750 மில்லி புட்டிகள் ஏறக்குறைய 1,330 நிரப்பலாம். பேணி வைத்தால் தாழி பல தலைமுறை உழைக்கும். வைன் ஆண்டுதோறும் விற்கும். தாழி ஒரே ஒரு முறைதான் விற்கும். வெளிநாட்டு ஆர்டர் தரகர் வழியாக வருகிறது. புதைத்தபின் கசிந்தால் நஷ்டம் இவர் தலையில். தரகருக்கு நெருப்பின் முன் விழித்திருக்கும் இரவு இல்லை, சூளையில் வெடிக்கும் தாழி இல்லை, கமிஷன் மட்டும் உண்டு. இறக்குமதி செய்பவர், மொத்த வியாபாரி, உணவகம் என்று ஒவ்வொருவரும் தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மேசைக்கு வரும் புட்டியின் விலையில், எல்லாவற்றுக்கும் முதலில் உழைத்தவருக்கு எதுவும் இல்லை. இவருடைய மகன் போலந்தில் லாரி ஓட்டுகிறார். பட்டறையில் கற்றுக்கொள்ள வந்த இளைஞர் எவரும் இல்லை.

பிரான்சின் ஓக் பீப்பாயைப் பாருங்கள். செய்த பட்டறையின் முத்திரை மரத்தில் சுட்டுப் பதிக்கப்பட்டிருக்கும். எந்தக் காட்டு மரம் என்பதைக்கூட விமர்சகர்கள் எழுதுவார்கள். சில ஆண்டுகளில் பீப்பாயின் மணம் தீர்ந்துவிடும். புதிது வாங்கியாக வேண்டும். பீப்பாய் செய்பவருக்குப் பெயரும் உண்டு, தொடர் வருமானமும் உண்டு. தாழிக்காரர் பதிக்கும் முத்திரையோ தாழியோடு மண்ணுக்குள் போகிறது. நூறு வருஷம் உழைக்கும் பொருளைச் செய்ததற்காக ஒரு தொழிலாளி தண்டிக்கப்படுவது நியாயமே அல்ல.

வைன் தயாரிப்பாளர்கள் புட்டியின் லேபிளில் தாழி வனைந்தவர் பெயரை அச்சிட வேண்டும். விற்கும் ஒவ்வொரு புட்டியிலும் அவருக்குச் சிறு பங்கு தர வேண்டும். விமர்சகர்கள் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவதற்கு முன், தாழி யாருடையது என்று கேட்க வேண்டும். அவர்கள் கேட்கத் தொடங்கினால் வியாபாரிகள் சொல்லியாக வேண்டும். இந்தத் தலைமுறைக் கைகள் ஓய்ந்த பிறகு கேட்டால், பதில் சொல்ல ஆள் இருக்காது.