கிலுகிலுன்னு சத்தம் வரணும்

பொட்டி தட்டுறவனுக்கும் துப்பாக்கிக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேக்காதீங்க. டெக்சாஸ்ல குப்பை கொட்ட ஆரம்பிச்சா, ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் யாராச்சும் "ரேஞ்சுக்கு வர்றியா?"ன்னு கேப்பாங்க. என்னைக் கேட்டவர் எங்க டீம்ல இருக்கற ஒரு வெள்ளைக்காரப் பெருசு. ரிட்டையர் ஆக ரெண்டே வருஷம். கோட் ரிவ்யூல என்னைத் துவைச்சு எடுக்கறவர், ஆனா தங்கமான மனுஷன்.

எச்1பி விசாவுல இருக்கறவன் துப்பாக்கியைக் கையில வெச்சிருக்கறது அமெரிக்கச் சட்டப்படி தப்பு. வேட்டை லைசென்ஸ் இருந்தா விதிவிலக்கு உண்டு. அதனால முறையா காசு கட்டி ஒண்ணு வாங்கினேன். இதுவரைக்கும் கொசுவைத் தவிர எதையும் கொன்னதில்லைங்கறது வேற விஷயம் :-)

பெருசு கொண்டு வந்தது எஸ்கேஎஸ்ங்கற செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள். சோவியத் நாட்டுல சிமோனோவ் வடிவமைச்சது. அதையே சீனாக்காரங்களும் செஞ்சாங்க. 1994-ல சீனத் துப்பாக்கி இறக்குமதியை அமெரிக்கா நிறுத்தறதுக்கு முன்னாடி, சல்லிசான விலைக்கு வந்தப்போ பெருசு ஒண்ணு வாங்கிப் போட்டிருக்கார். வாங்கினதோட சரி, பெரும்பாலும் அலமாரியிலேயே தூங்கிருக்கு.

பத்து தோட்டா போட்டாச்சு. குறி பார்த்து விசையை அழுத்தினேன். "டிக்". அவ்வளவுதான். வெடிக்கல.

பெருசு உடனே கையைக் காட்டி, "அசையாதே. குழல் மண்மேட்டையே பாத்துட்டு இருக்கட்டும். முப்பது எண்ணு"ன்னார். எதுக்குன்னா, சில சமயம் பிரைமர் சோம்பேறித்தனமா கொஞ்சம் தாமதமா பத்திக்குமாம். அவசரப்பட்டு போல்ட்டைத் திறந்தா தோட்டா வெளிய வந்து மூஞ்சிக்கு நேரா வெடிக்கும். எண்ணினேன். தோட்டாவை எடுத்துத் தனியா வெச்சோம். அடுத்தது வெடிச்சுது. அதுக்கடுத்தது "டிக்". மறுபடி எண்ணிக்கை. இன்னொண்ணு வெடிச்சுது. அப்புறம் மறுபடி "டிக்".

மூணாவது டிக்குல எனக்குப் பொறுமை போயிடுச்சு. "பாருங்க, வேலையே செய்யல"ன்னு ரைஃபிளோட அப்படியே பக்கவாட்டுல திரும்பிட்டேன். அடுத்த பெஞ்சுல ஒருத்தர் தன் பொண்ணுக்குச் சொல்லிக் கொடுத்துட்டு இருந்தார். பன்னெண்டு வயசு இருக்கும், காதுல ரோஸ் கலர் மஃப். பெருசு குழலைப் பிடிச்சு மண்மேட்டுப் பக்கம் தள்ளினார். திட்டல. "தம்பி, அது வேலை செய்யலைன்னு உனக்கு யார் சொன்னா?"ன்னு மட்டும் கேட்டார். அப்போ எனக்கு அது புரியல.

இங்க கொஞ்சம் பாடம். தோட்டாவோட அடிப்பாகத்துல நடுவுல ஒரு குட்டி உலோகக் கிண்ணம் இருக்கும், அதான் பிரைமர். உள்ள அதிர்ச்சிக்கு வெடிக்கிற மருந்து. விசையை அழுத்தினா சுத்தியல் வந்து ஃபயரிங் பின்னோட வாலை அடிக்கும். பின்னோட முனை பிரைமரைக் குத்தும். பொறி பறந்து வெடிமருந்து பத்திக்கும். இத்தனையும் கண்ணிமைக்கிற நேரத்துல.

'டிக்'னு மட்டும் கேட்டா பெருசு முதல்ல பாக்கறது அந்தப் பிரைமர்ல விழுந்த குழியை. வெடிச்ச தோட்டாவையும் வெடிக்காததையும் பக்கத்துல வெச்சுப் பாக்கணும். குழி ரெண்டுலயும் ஒரே ஆழம்னா தோட்டா மேல சந்தேகப்படலாம். வெடிக்காததுல குழி மேலோட்டமா இருந்தா, அடி சரியா விழலைன்னு அர்த்தம். அதுக்குக் காரணம் நாலு இருக்கலாம். சுத்தியலோட ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். பின்னோட முனை தேஞ்சோ உடைஞ்சோ இருக்கலாம். பின் ஓடற துளையில அழுக்கு அடைச்சிருக்கலாம். இல்ல, போல்ட் முழுசா மூடாம இருந்து, சுத்தியலோட வேகம் பாதி அதை மூடறதுலயே போயிருக்கலாம். இதுபோக பிரைமர் ஒழுங்கா உக்காராத தோட்டாவும் உண்டு. முதல் அடி அதை உள்ள தள்றதுலயே செலவாயிடும், ரெண்டாவது அடியில வெடிக்கும்.

எங்க மூணு தோட்டாலயும் குழி மேலோட்டம்தான். பெருசு, "இன்னிக்கு மூட்டை கட்டிடலாம், வீட்டுல போய்ப் பிரிச்சுப் பாக்கணும்"னார். நான் விடுவேனா? நாப்பது மைல் வண்டி ஓட்டி வந்திருக்கோம்ல! "நம்ம தோட்டா பழைய ராணுவச் சரக்கு, பிரைமர் கெட்டியா இருக்கும். கடையில புதுசு ஒரு டப்பா வாங்கிப் பாப்போமே"ன்னேன். அரை மனசோட சரின்னார்.

புது டப்பா. பத்துக்குப் பத்தும் வெடிச்சுது. ஒரு டிக் கூட இல்ல. என் முகத்துல பெருமை தாங்கல. என்விரான்மென்ட் இஷ்யூ, கேஸ் க்ளோஸ்டுன்னு நானே தீர்ப்பும் சொல்லிட்டேன்.

அடுத்த பத்து தோட்டாவைப் போட்டேன். போல்ட்டை இழுத்து விட்டேன். டமார்! டமார்!

ரெண்டு குண்டு. என் விரல் விசையில இல்ல. சத்தியமா இல்ல, விசைக்கு வெளிய கட்டையில இருந்துச்சு. ரெண்டு குண்டும் மண்மேட்டுல புழுதி கிளப்பிட்டு நின்னுச்சு. எனக்குக் கை நடுங்குது. பெருசு என் தோள்ல கையை வெச்சுக்கிட்டு மிச்சத் தோட்டாவை இறக்கற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. நான் பக்கத்து பெஞ்சைப் பாத்தேன். அந்தப் பொண்ணு அவங்கப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு எங்களையே பாத்துட்டு இருந்துச்சு.

இதுக்கு ஸ்லாம் ஃபயர்னு பேராம். எஸ்கேஎஸ்ல ஃபயரிங் பின்னைப் பின்னாடி இழுத்துப் பிடிக்க ஸ்பிரிங் கிடையாது, துளைக்குள்ள சும்மா மிதக்கும். ஆரம்பகால சோவியத் தயாரிப்புகள்ல ஸ்பிரிங் இருந்துச்சு, அப்புறம் எடுத்துட்டாங்க. போல்ட் வேகமா முன்னாடி போய் நிக்கும்போது பின் தன் வேகத்துலயே போய் பிரைமரை லேசாத் தொடும். ராணுவத் தோட்டாவோட கெட்டி பிரைமர் அதைத் தாங்கிக்கும். அதனாலதான் இந்த வகைத் துப்பாக்கியில ஏத்தி இறக்கின தோட்டாலகூட ஒரு சின்னப் புள்ளி இருக்கும். இது எஸ்கேஎஸ் சமாச்சாரம் மட்டும் இல்ல. ஏஆர்-15லயும் பின் இப்படி மிதக்கறதுதான். அமெரிக்க விமானப்படைக்கு அது போன புதுசுல, விசையைத் தொடாமலே வெடிக்குதுன்னு 1963-ல புகார் வந்துச்சு. பின்னோட எடையைக் குறைச்சுத்தான் சரி பண்ணாங்க.

அன்னிக்கு ராத்திரி பெருசோட கராஜ்ல போல்ட்டைப் பிரிச்சோம். குறுக்கு ஆணியைத் தட்டி எடுத்தா ஃபயரிங் பின் தானா வந்து விழணும். விழல. இடுக்கியால இழுக்க வேண்டியிருந்துச்சு. சுத்திலும் காஞ்ச பனைவெல்லப் பாகு மாதிரி பழுப்பா ஒரு பிசின். காஸ்மோலின்னு பேரு. துருப் பிடிக்காம இருக்க கிடங்குல தடவி வைக்கிற கிரீஸ். வருஷக்கணக்குல கெட்டியாயிடும். வாங்கினப்போ வெளியில துடைச்சவர் போல்ட்டுக்குள்ள துடைக்கல.

அப்பதான் எனக்கு உறைச்சுது. வெடிக்காததும் தானா வெடிச்சதும் வேற வேற கோளாறு இல்ல, ஒரே கோளாறு. காலையில பிசின் கெட்டியா இருந்துச்சு, பின் திணறித் திணறிப் போச்சு, அடி பலமா விழல. சுடச் சுட சூடாகி பிசின் இளகி, பின் முன்னாடி வந்து முனை நீட்டிக்கிட்டு ஒட்டிக்கிச்சு. நான் வாங்கிக் கொடுத்த புதுத் தோட்டாவோட பிரைமர் மென்மையானது. டிக் நின்னது கோளாறு போனதால இல்ல. கோளாறை நான் மறைச்சதால. துப்பாக்கி மூணு தடவை எச்சரிக்கை கொடுத்துச்சு, நான் அதோட வாயை அடைச்சேன்.

அந்தக் குழல் பத்து நிமிஷம் முன்னாடி எங்க திரும்பி இருந்துச்சுங்கறதை நினைச்சா இப்பவும் வயித்தைப் பிசையுது.

மினரல் ஸ்பிரிட்ல ஊறவெச்சு, துளையைத் தேய்ச்சு, துடைச்சு, காய வெச்சு மாட்டினோம். எண்ணெய்கூட விடல, அதுவும் அழுக்கைப் பிடிச்சு வைக்கும்னார். அப்புறம் போல்ட்டை என் காதுகிட்ட வெச்சுக் குலுக்கினார். கிலுகிலுன்னு ஒரு சத்தம், குழந்தைங்க கிலுகிலுப்பை மாதிரி. "இது கேக்கணும். கேட்டாத்தான் பின் ஃப்ரீயா இருக்குன்னு அர்த்தம். கேக்கலைன்னா அன்னிக்கு ரேஞ்சுக்குப் போகாதே."

திங்கக்கிழமை ஆபீஸ் போனதும், போன வாரம் நான் 'சர்வரை ரீஸ்டார்ட் பண்ணதும் சரியாயிடுச்சு'ன்னு எழுதி மூடின ஒரு டிக்கெட்டை மறுபடி திறந்தேன். காரணம் இன்னும் கண்டுபிடிக்கல, தேடிட்டு இருக்கேன். பெருசு எதுவும் கேக்கல. என் க்யூபிக்கிள் பக்கமா வந்தப்போ கையை மட்டும் காதுகிட்ட வெச்சு ஒரு குலுக்கு குலுக்கிட்டுப் போனார்.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாரும் சொந்தமா ரிப்பேர் வேலையில இறங்காதீங்க மக்கா. சந்தேகம்னா துப்பாக்கி மெக்கானிக்கிட்ட கொடுங்க. முப்பது எண்றதை மட்டும் மறக்காதீங்க.