ஒரு பார் அழுத்தம்

காலை பத்து மணி. கோயம்புத்தூர் செட்டிபாளையம் சாலையில் தகரக் கூரை போட்ட ஒரு கார் பட்டறை. உள்ளே சிவப்பு நிறச் செடான் ஒன்று பானெட்டைத் திறந்தபடி நிற்கிறது. ஜெர்மன் வண்டி. இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின். சும்மா நிற்கும்போதே வேகமாகப் போவதுபோல ஒரு தோற்றம்.

வண்டிக்காரருக்கு முப்பது வயது இருக்கலாம். சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே இருக்கிறார். இடையிடையே போனில், "லோடு ஏத்தியாச்சா? காஸ்டிங் எண்ணிக்கை சரியா?" என்று கேட்கிறார். ஃபவுண்டரி வைத்திருக்கும் குடும்பம் போலிருக்கிறது. பட்டறைப் பையன் ஐ.டி.ஐ. முடித்து வந்தவன், கேள்வி முடியும் முன்பே அவனிடம் பதில் இருக்கிறது. மேஸ்திரிக்கு அறுபதை ஒட்டிய வயது. மற்ற இருவரும் இன்ஜினைப் பார்க்க, அவர் மட்டும் வண்டிக்காரரைப் பார்த்துக் கேட்கிறார்.

"எத்தன நாளைக்கு ஒருக்கா ஊத்தறீங்க?"

"வாரத்துக்கு ஒருக்காங்ணா. மேல் கோடு வரைக்கும் ஊத்துனா அடுத்த வாரம் கீழ் கோட்டுல நிக்குது. ஆனா நிறுத்துற எடத்துல ஒரு சொட்டு இல்ல. இன்னொரு எடத்துல காட்டுனேன், ஹோஸ் மாத்துனாங்க. மறுபடி அதே கதைதான்."

"ஊத்தறது கூலண்டா, தண்ணியா?"

சாவி சுழல்வது நிற்கிறது. "போர் தண்ணிங்ணா."

மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. ஜாப் கார்டில் எதையோ குறித்துக்கொள்கிறார். அடுத்தடுத்துக் கேள்விகள். வண்டிக்குள் இனிப்பாக வாசம் அடிக்கிறதா? முன் இருக்கைக்குக் கீழே கார்ப்பெட் நனைகிறதா? காலையில் முதல் ஸ்டார்ட்டில் வெள்ளைப் புகை தொடர்ந்து வருகிறதா? மூன்றுக்கும் இல்லை என்று பதில். முதல் இரண்டும் டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோருக்கான கேள்விகள். மூன்றாவது, கூலண்ட் சிலிண்டருக்குள்ளேயே போய் எரிகிறதா என்பதற்கு.

"அண்ணா, இங்க சொட்டுதுங்!" பையன் வண்டிக்கு அடியிலிருந்து கத்துகிறான்.

மேஸ்திரி குனிந்து அந்தச் சொட்டை விரலில் ஏந்தி, கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்கிறார். வழவழப்பு இல்லை, நிறம் இல்லை. "ஏ.சி. தண்ணி, கண்ணு."

கூலண்டில் இருக்கும் கிளைக்கால் விரலில் ஒட்டி வழுக்கும். இனிக்கவும் செய்யும். ஆனால் நஞ்சு. பட்டறை மூலையில் பழைய கூலண்ட் வடித்த தட்டு ஒன்று இருக்கிறது. தெருநாய் ஒன்று அதை நோக்கி வர, மேஸ்திரி பேச்சை நிறுத்தாமலே தட்டின்மேல் ஒரு பலகையை இழுத்து மூடுகிறார்.

"மூடியத் தொறந்து பாத்தரலாமுங்ளா?" வண்டிக்காரருக்கு அவசரம்.

"ஆறட்டுமுங்க. இப்பத் தொறந்தா மூஞ்சி வெந்துரும்."

கூலண்ட் சுற்றில் அழுத்தம் ஒரு பார் கூடினாலே, 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். விரட்டி ஓட்டும் வண்டிக்கு அந்த 20 டிகிரிதான் பாதுகாப்பு. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் ஒரே மூச்சில் போய்விடும். உள்ளே இருப்பது மொத்தமும் பொங்கி வெளியே பாயும். ஊசித்துளை அளவு கசிவு செய்வதும் இதே வேலைதான், மெதுவாக. வாரத்துக்கு அரை லிட்டர் போவதைவிட, அழுத்தம் நிற்காமல் போவதுதான் பெரிய ஆபத்து.

ஆறுவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. வண்டிக்காரர் வாசலுக்கும் வண்டிக்குமாக நடக்கிறார். சுவரில் மங்கிய படம் ஒன்று: ஒற்றை இருக்கைப் பந்தயக் கார், மாருதி 800 இன்ஜின் வைத்தது. எஸ். கரிவர்தன் 1980களின் இறுதியில் இந்த ஊரில் உருவாக்கிய வகை. இதே சாலையில் இருக்கும் பந்தயத் தடத்துக்கு இன்று அவர் பெயர்தான். "இதுல வேல பாத்தீங்களாங்ணா?" என்கிறார் வண்டிக்காரர். "ஸ்பேனர் எடுத்துக் குடுப்பேன்" என்கிறார் மேஸ்திரி. அதற்குமேல் பேச்சு வளரவில்லை.

சூடு தணிந்ததும் மூடி திறக்கப்படுகிறது. ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தையும் அவர் டார்ச் அடித்துப் பார்க்கிறார். மோர் கலந்ததுபோல வெளுத்த பிசுக்கு எதுவும் இல்லை. பிறகு கூலண்ட் டேங்க்கின் வாயில் அடாப்டரைத் திருகி, அழுத்தமானியுள்ள கைப்பம்பை மாட்டி அடிக்கிறார். முள் ஒரு பாரில் நிற்கிறது.

ஐந்து நிமிடம் ஆகிறது. முள் அசையவில்லை.

"லீக் இல்லீங்ணா. டை ஊத்தி லைட் அடிச்சுப் பாத்தரலாமுங்" என்கிறான் பையன்.

"முள்ளையே பாரு."

கால் மணி நேரத்தில் முள் கோட்டுக்குச் சற்றுக் கீழே இறங்குகிறது. இன்னும் சிறிது நேரத்தில் அது எல்லோருக்கும் தெரிகிறது. வண்டியை லிஃப்டில் தூக்கி அடிமூடியைக் கழற்றுகிறார்கள். தரையில் ஏன் சொட்டவில்லை என்பதற்கு அங்கே விடை இருக்கிறது: அகலமான பிளாஸ்டிக் மூடியின் குழிவில் இளஞ்சிவப்புக் கறை, வட்டம் வட்டமாகக் காய்ந்து கிடக்கிறது. கசிந்ததெல்லாம் அங்கே தேங்கி, இன்ஜின் சூட்டில் உலர்ந்திருக்கிறது. மேலே இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் விளிம்பில் புது ஈரம்.

"சீலுங்ணா! கியர்பாக்ஸ எறக்கணும்" என்று பையன் ஸ்பேனர் பெட்டியை நோக்கி நகர்கிறான். வண்டிக்காரரின் முகம் சுருங்குகிறது.

"இரு சாமி. அந்தச் சீலுக்குள்ள இருக்கறது ஆயிலு. இது என்ன நெறம்? தண்ணி கீழ எறங்கும், ஓடற வண்டில காத்து பின்னால தள்ளும். ஈரம் இருக்கற எடத்துல ஓட்டை இருக்கோணும்னு ஒண்ணுமில்ல."

அவர் கீழிருந்து மேலே போகிறார். நீளக் காம்பு வைத்த சிறு கண்ணாடியால் இடுக்குகளைப் பார்க்கிறார். காய்ந்த தடம் கியர்பாக்ஸின் தோளில் ஏறி, இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் மறைகிறது. அதற்குமேல் கண்ணாடி எட்டவில்லை. பையன் ஓடிப்போய், நுனியில் கேமரா உள்ள ஒயரை எடுத்துவந்து போனில் மாட்டுகிறான். மூவரும் அந்தச் சின்னத் திரைமேல் குனிகிறார்கள். வாட்டர் பம்ப்பையும் தெர்மோஸ்டாட்டையும் தாங்கும் கறுப்பு பிளாஸ்டிக் கூடு. அதன் இணைப்பு ஓரத்தில் ஒரு முத்து திரண்டு, உருண்டு, ஓடுகிறது. அடுத்தது திரள்கிறது.

"இதேதானுங்ணா!" இம்முறை பையன் சொல்வது சரி. மேஸ்திரி அவன் முதுகில் தட்டுகிறார்.

வருடக்கணக்கில் சூடாவதும் ஆறுவதுமாக இருக்கும் பிளாஸ்டிக் நெளிந்துவிடும். சீல் இறுக்கம் இழக்கும். சூட்டில் விரிந்து அடைத்துக்கொள்ளும் இணைப்புகூட ஆறினதும் வாய் திறக்கும்.

வண்டிக்காரர் சாவியை மறுபடி சுழற்றத் தொடங்கிவிட்டார். மேஸ்திரி பெட்டியிலிருந்து நீலத் திரவம் உள்ள ஒரு குழாயை எடுக்கிறார்.

"இன்னும் என்னங்ணா?"

"ஒரு ஓட்டை கெடச்சா ரெண்டாவது இல்லன்னு ஆயிருமுங்ளா? தண்ணி கொறஞ்சு ஓடுன வண்டி. ஹெட் கேஸ்கெட் நல்லாருக்கான்னு பாக்கோணும்."

இன்ஜின் ஓட, டேங்க்கில் எழும் ஆவியை ரப்பர் பந்தால் குழாய்க்குள் இழுக்கிறார். எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். பத்து நிமிடம் இழுக்கிறார். நீலம் நீலமாகவே இருக்கிறது.

துண்டுச்சீட்டில் அவர் எழுதிக் காட்டிய தொகையை வண்டிக்காரர் இரண்டு முறை படிக்கிறார். "ஞாயித்துக்கெழம ட்ராக் டே இருக்குங்ணா. கொஞ்சமாத்தானே ஒழுகுது? லீக் அடைக்கற பவுடர் போட்டு ஓட்டிட்டு வந்து மாத்திக்கறனே?"

"அந்தப் பவுடரு ஓட்டைய மட்டும் தேடிப் போகாதுங்க. ரேடியேட்டர் சந்து, ஹீட்டர் கோர் எல்லாத்துலயும் உக்காரும். ட்ராக்குல வளைவுல கூலண்ட் சிந்துச்சுன்னா பின்னால வர்றவன் வழுக்கிருவான்." பல பந்தயத் தடங்களில் கிளைக்காலுக்கே தடை உண்டு; அங்கே ஓடும் கார்களில் பெரும்பாலும் தண்ணீர்தான்.

வண்டிக்காரர் விடுவதாக இல்லை. மேஸ்திரி குரலை உயர்த்தாமல் ஜாப் கார்டில் ஒரு வரி எழுதி, பேனாவோடு நீட்டுகிறார். 'கசிவு இருப்பதும் ஓட்டக்கூடாது என்பதும் சொல்லப்பட்டது.' அதற்குக் கீழே கையெழுத்துக்கான கோடு.

வண்டிக்காரர் பேனாவைப் பிடித்தபடி சிறிது நேரம் நிற்கிறார். பிறகு போனை எடுத்து, "மச்சா, ஞாயித்துக்கெழம உன் வண்டிலயே வந்தர்றேன்" என்கிறார். சாவி மேஜைமேல் விழுகிறது.

மேஸ்திரி அந்த வரியை அடித்துவிட்டு, கீழே புதிதாக எழுதுகிறார்: பம்ப், தெர்மோஸ்டாட் ஹவுசிங், பெல்ட், ஃப்ளஷ், புதுக் கூலண்ட், டிஸ்டில்டு வாட்டர்.

"சனிக்கெழமைக்குள்ள ஆயிருமுங்ளா?"

"பார்ட் வந்தா மாட்டிருவேன். மாட்டி ஒரு ராத்திரி நிறுத்தோணும். காத்தால ஆறின வண்டில மறுபடி ஒரு பார் அடிச்சு, முள்ளு நின்னாத்தான் சாவி."