புதுக் காரும் பெட்ரோல் கணக்கும்

புதிதாக வாங்கிய ஆட்டுக்கல்லில் யாரும் உடனே இட்லிக்கு மாவாட்டுவதில்லை. தவிட்டையோ உமியையோ போட்டுப் பலமுறை ஆட்டி, கல்லின் மணலைப் போக்கிப் பழக்கிய பின்னரே அரிசியைப் போடுவார்கள். கார் எஞ்சினுக்கும் இப்படியொரு பழக்கும் காலம் உண்டு என்பதை அக்காளும் தங்கையுமாகிய நாங்கள் 2024ஆம் ஆண்டு மே மாத விடுமுறையில் அறிந்துகொண்டோம்.

எங்கள் மாமா ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் வேலை பார்க்கிறார். இருபது ஆண்டுச் சேமிப்பில் இரண்டே இருக்கைகள் கொண்ட புதிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியிருந்தார். அத்தைக்கு அதில் விருப்பமில்லை. விளம்பரத் தாளில் 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் என்றிருந்தது. ஆனால் முதல் 360 கிலோமீட்டருக்கே 36 லிட்டர் பெட்ரோல் செலவாகிவிட்டது. அதாவது 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டர்! “பிள்ளையின் படிப்புக்கு வைத்த பணத்தை இது குடித்துத் தீர்க்கிறது” என்றார் அத்தை. “புது எஞ்சின் அப்படித்தான் இருக்கும்” என்றார் மாமா. சாப்பாட்டு மேசையில் இருவரும் பேசிக்கொள்ளாத நாட்களும் உண்டு. முடிவில் கணக்கு எழுதும் பொறுப்பு எங்களிடம் வந்தது.

முதலில் மாமா கூறியது உண்மையா என்று பார்த்தோம். எஞ்சினின் சிலிண்டர் சுவரில், எண்ணெய் தங்குவதற்காகக் குறுக்கும் நெடுக்குமாக மிக நுண்ணிய கீறல்கள் இடுவார்கள். பிஸ்டன் வளையங்கள் அச்சுவரோடு உரசி உரசியே அதற்குப் பொருந்துகின்றன. அதுவரை உராய்வு அதிகம். எரிந்த வாயுவும் சிறிது கசியும். ஆகவே பெட்ரோல் சற்றுக் கூடுதலாகவே செலவாகும். 1950களில் இங்கிலாந்தில் புதுக் காரின் பின்கண்ணாடியில் ‘ரன்னிங் இன், ப்ளீஸ் பாஸ்’ என்று எழுதி ஒட்டி, மெதுவாக ஓட்டுவார்களாம். இன்று இயந்திர வேலை நுட்பமாகிவிட்டதால் அத்தனை மெதுவாகச் செல்லத் தேவையில்லை. ஆயினும் போர்ஷே கார்களின் கையேடுகள், முதல் 3000 கிலோமீட்டர் வரை எஞ்சினை மிக வேகமாகச் சுழலவிடக் கூடாது என்றும், அக்காலத்தில் எண்ணெயும் பெட்ரோலும் சற்று அதிகம் செலவாகலாம் என்றும் கூறுகின்றன.

விளம்பரத்தின் 7 லிட்டர் எப்படி வந்தது என்பதையும் தேடினோம். ஐரோப்பாவில் 2018 செப்டம்பர் முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் டபிள்யூ.எல்.டி.பி. என்னும் சோதனை கட்டாயம். ஆய்வுக்கூடத்தில் 30 நிமிடங்களில் சுமார் 23 கிலோமீட்டர் ஓட்டி அளக்கிறார்கள். சோதிக்கப்படும் கார் அதற்கு முன்பே குறைந்தது 3000 கிலோமீட்டர் ஓடியிருக்க வேண்டும் என்பது விதி. பழகிய காரின் கணக்கைப் பழகாத காரிடம் எதிர்பார்ப்பது நியாயமா?

ஆனால் மாமாவின் பக்கமே முழு நியாயமும் இருக்கவில்லை. ஸ்டுட்கார்ட் மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் அமைந்த நகரம். நண்பர்களுக்குக் காரைக் காட்டுவதற்காக மாமா இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரமே உள்ள மேடுகளில் ஏறி இறங்குவார். எஞ்சின் சூடாவதற்குள் பயணம் முடிந்துவிடும். அத்தகைய பயணத்தில்தான் பெட்ரோல் மிகுதியாகச் செலவாகும். அதோடு, அவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும் மிதி!

பெரியவரிடம் இதை எப்படிச் சொல்வது? இரவெல்லாம் யோசித்தோம். சொல்லாவிட்டால் அத்தையின் மனத்தாங்கல் தீராது. ஆகவே காலையில் நோட்டை அவர் முன் வைத்து, “மாமா, அடுத்த முறை அதே சாலைகளில் மெதுவாக மிதித்து ஓட்டிப் பாருங்கள்” என்றோம். சிறிது நேரம் பேசாதிருந்தவர், சரியென்றார். இம்முறை 400 கிலோமீட்டருக்கு 36 லிட்டர், அதாவது 100 கிலோமீட்டருக்கு 9 லிட்டர். நாங்கள் ஊர் திரும்பிய பின், 3000 கிலோமீட்டர் கடந்ததும் அதே சாலைகளில் 8.7 லிட்டர் என்று தொலைபேசியில் கூறினார். கால் பழகியதால் குறைந்தது 1 லிட்டர். எஞ்சின் பழகியதால் குறைந்தது 0.3 லிட்டர் மட்டுமே.

கணக்கைப் பார்த்த அத்தை, “எஞ்சினை விட உங்கள் மாமாவுக்குத்தான் பழக்கம் தேவைப்பட்டது” என்று சிரித்தாராம். இப்போது ஞாயிறுதோறும் அடுத்த இருக்கையில் அத்தையே அமர்கிறார்.

வீட்டில் புது ஸ்கூட்டரோ காரோ வாங்கும்போது, முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் கிலோமீட்டரையும் லிட்டரையும் எழுதி வையுங்கள், தோழியரே! கோபத்தில் பேசும் பேச்சு சண்டையை வளர்க்கும். பொறுமையாய் எழுதிய கணக்கோ இரு பக்கத்து நியாயத்தையும் எடுத்துக் காட்டும்.