மட்கார்டும் மகாத்மாவும்

எங்கள் வீட்டு ஸ்கூட்டரின் பெயர் சேத்தக். அது மகாராணா பிரதாபசிம்மனுடைய குதிரையின் பெயர். 1576-ம் வருஷம் ஹல்தீகாட்டிப் போரில், காலில் காயம் பட்ட பின்னும் எஜமானனைச் சுமந்து சென்று காப்பாற்றிவிட்டு, அந்தக் குதிரை உயிர் விட்டதாகச் சொல்வார்கள். 1972-ல் நம் தேசத்தில் தயாராகத் தொடங்கிய ஸ்கூட்டருக்கு அந்தப் பெயரையே சூட்டினார்கள்.

என் தகப்பனார் வாங்கிய எங்கள் சேத்தக்குக்கும் சென்ற மாதம் முன்னங்காலில் காயம் பட்டது. போர்க்களத்தில் அல்ல, எங்கள் வீட்டு வாசற்படியில்! மோதியவன் அடியேன்தான். முன் மட்கார்டு நசுங்கி டயரில் உராய்ந்தது.

புது மட்கார்டு ஒன்று வாங்கிக்கொண்டு மிஸ்திரியிடம் போனேன். மாட்டுவதற்குக் கூலி 800 ரூபாய் என்றார்.

"நாலைந்து திருகுகளைக் கழற்றி மாட்டுவதற்கா 800 ரூபாய்?" என்று கேட்டேன்.

கிழவர் சிரித்தார். "சட்டையைப் போலப் பொத்தானை அவிழ்த்து எடுக்க இது வராது, ஸார். இது பனியன், தலை வழியாகத்தான் கழற்ற வேண்டும்" என்றார்.

சந்தேகத்துடன் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான். முன் சக்கரத்தைத் தாங்கும் தண்டு, மட்கார்டின் நடுவிலுள்ள துவாரத்தின் வழியாக மேலேறி ஹாண்டில்பாரில் சேர்கிறது. ஆகவே பிரேக் கம்பியையும் வேகமானிக் கம்பியையும் கழற்றி, ஹாண்டில்பாரைத் தூக்கி ஒருபுறம் சாய்த்து, கழுத்திலுள்ள வளைய நட்டுக்களைத் திருகி எடுத்துத் தண்டையே கீழே இறக்கினார். அதன் பிறகுதான் அந்த நாலைந்து திருகுகளுக்கு முறை வந்தது!

தண்டு இறங்கியதும் பால்ரஸ் குண்டுகளைத் துடைத்துப் பார்த்தவர் முகம் மாறியது. குண்டுகள் தேய்ந்து, அவை உருளும் கிண்ணத்தில் குழிகள் விழுந்திருந்தன.

"வண்டியை யார் ஓட்டுகிறார்கள்?"

"என் பெண். தினம் காலேஜுக்குப் போகிறாள்."

"பிரேக் பிடித்தால் 'டக்'கென்று சப்தம் கேட்கிறது என்று குழந்தை சொல்லவில்லையா?"

சொல்லியிருந்தாள், இரண்டு முறை. "பழைய வண்டி என்றால் அப்படித்தான்" என்று நான்தான் அவள் வாயை அடைத்திருந்தேன்.

மிஸ்திரி புதுப் பால்ரஸ் வைத்துக் கிரீஸ் தடவினார். புது மட்கார்டைத் தண்டில் கோத்து ஏற்றினார். கடைசியில் வளைய நட்டை இறுக்கினார், சிறிது தளர்த்தினார், ஹாண்டிலை இருபுறமும் திருப்பிப் பார்த்து மறுபடியும் இறுக்கினார். தளர்ந்திருந்தால் முன் சக்கரம் ஆடும். அதிகம் இறுகினால் வண்டி நேராக ஓடாது. சரியான இடத்தை அவர் விரல்கள் அறிந்திருந்தன.

1904-ல் தென்னாப்பிரிக்காவில் ரயிலில் போகும்போது காந்திஜி ரஸ்கினின் புத்தகம் ஒன்றைப் படித்தார். வக்கீலின் வேலைக்கும் நாவிதரின் வேலைக்கும் மதிப்பு ஒன்றே என்பது அதில் அவர் கற்ற பாடங்களில் ஒன்று. அடியேனும் வக்கீல்தான். இதைக் காந்தி ஜயந்திக் கூட்டங்களில் பலமுறை எடுத்துப் பேசியிருக்கிறேன். ஆனால் 800 ரூபாய்க்குப் பேரம் பேசியபோது அது என் நினைவுக்கு வரவில்லை.

மேற்கொண்டு பணம் கொடுத்தேன். பால்ரஸின் விலையை மாத்திரம் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று மாலை ஒரு கட்சிக்காரர், "நாலு வரி நோட்டீஸுக்கா இவ்வளவு பீஸ்?" என்று கேட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.