லண்டன் சத்திரத்தில் 'இந்தியா' பீர்

லண்டன் பாலத்தைக் கடந்து தேம்ஸ் நதியின் தென்கரையில் சிறிது தூரம் நடந்தால், ஸதர்க் பேட்டையில் 'ஜார்ஜ் இன்' என்னும் புராதனச் சத்திரத்தைக் காணலாம். 1676-ல் மூண்ட பெருந்தீயில் முந்திய கட்டடம் அழிந்துபோக, மறு வருஷம் திரும்பக் கட்டினார்கள். மாடியில் நீண்ட மரத் தாழ்வாரங்கள்; கீழே கோச்சு வண்டிகள் வந்து நின்ற முற்றம். ரயில்வே கம்பெனி ஒன்று இதை வாங்கி, 1889-ல் முற்றத்தின் இரண்டு புறங்களை இடித்துத் தள்ளிவிட்டது. ஒரு புறந்தான் மிச்சம். 1937 முதல் அது 'நேஷனல் டிரஸ்ட்' என்னும் பொது ஸ்தாபனத்துக்குச் சொந்தம். லண்டனில் இம்மாதிரித் தாழ்வாரச் சத்திரம் இது ஒன்றே எஞ்சியிருக்கிறது. இதைக் காட்சிச்சாலையாக்கிக் கயிறு கட்டிவிடவில்லை; இன்றும் வியாபாரம் நடக்கிறது.

மதுவிலக்கை ஆதரிக்கும் குடும்பங்கள் படிக்கும் பத்திரிகையில் பீரின் ருசியை எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். ருசி பாராமல் எழுதுவது அதைவிடக் குற்றம் என்பது என் அபிப்பிராயம். அரைப் பைண்ட் வாங்கினேன். இந்த 'ஏல்' ஐஸில் வைத்ததல்ல. முளை கட்டிய வாற்கோதுமையின் சாற்றில் ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவைச் சேர்த்துக் காய்ச்சி, ஆறியபின் ஈஸ்டு இட்டுப் புளிக்க வைக்கிறார்கள். நிலவறையில் பீப்பாய்க்குள்ளும் அது மெல்லப் புளித்துக்கொண்டே இருக்கும். கைப்பம்பினால் இழுத்து மேலே கொண்டுவருகிறார்கள். முதலில் வேப்பம்பூ ரசத்தை நினைவூட்டும் கசப்பு. பின்னால் பொரிமாவின் வாசனை. பெரிய ஆலைகள் ஏலை வடிகட்டி, வாயு ஏற்றி விற்கத் தலைப்பட்டபோது, 1971-ல் நான்கு பேர் சேர்ந்து அதை எதிர்த்து ஓர் இயக்கமே ஆரம்பித்தார்கள். பீருக்காக ஒரு கிளர்ச்சியா என்று நமக்குச் சிரிப்பு வரலாம். கைப்பம்பு பிழைத்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

நான் அருந்தியதன் பெயர் 'இந்தியா பேல் ஏல்'! 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், கிழக்கு லண்டனில் 'போ' என்னும் பேட்டையில் ஹாட்ஜ்ஸன் என்பவரின் ஆலை இருந்தது. அங்கே காய்ச்சிய வெளிர்நிற ஏல், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் ஏறி, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, மாதக்கணக்காகப் பிரயாணம் செய்து நம் நாட்டுக்கு வந்தது. ஹாப்ஸ் மிகுதியாக இட்டது அது கெடாமலிருக்க உதவியது. குடித்தவர்கள் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களும் சிப்பாய்களும். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது நம் வரிப்பணம். பீப்பாயில் நமக்குக் கிடைத்த பங்கு பெயர் மட்டுமே.

அந்த ஆலை இன்று இல்லை. ஆனால் அதே 'போ' பேட்டையில், கிங்ஸ்லி ஹாலில், 1931-ல் வட்டமேஜை மகாநாட்டுக்கு வந்த காந்தியடிகள் ஏழைத் தொழிலாளர் நடுவே தங்கினார். 1888-ல் முதன்முறை இங்கிலாந்துக்குக் கப்பலேறுமுன், மதுவைத் தொடுவதில்லை என்று தாயாருக்குச் சத்தியம் செய்து கொடுத்தவர் அவர். அவர் தங்கியதைக் குறிக்கும் நீல நிற வட்டத் தகடு அந்தச் சுவரில் இருக்கிறது. மறுநாள் காலை அதையும் போய்ப் பார்த்தேன்.