நைஜருக்குக் கிழக்கே, மன்னரில்லா மண்ணில்

அசாபாவிலிருந்து நைஜர் ஆற்றைக் கிழக்கு நோக்கிக் கடக்கும் பயணியை, உள்நாட்டுப் போரில் தகர்க்கப்பட்டுப் பின்னர் சீரமைக்கப்பட்ட பழைய பாலம் ஒனிட்சா நகரின் பெருஞ்சந்தைக்கு அருகே கொண்டுவந்து சேர்க்கிறது. இக்போ மக்களின் தாயகம் ஆற்றின் மேற்குக் கரையிலும் உண்டெனினும், அதன் பெரும்பகுதி தென்கிழக்கு நைஜீரியாவின் அனாம்பிரா, எனுகு, இமோ, அபியா, எபோன்யி ஆகிய 5 மாநிலங்களில் பரவியுள்ளது. இந்நிலப்பரப்பு முழுவதையும் ஆண்ட ஒரு மன்னரோ, அனைவரும் திரும்பிப் பார்த்த ஒரு தலைநகரோ வரலாற்றில் இருந்ததில்லை. ஒனிட்சாவிலும் நிரியிலும் அரச பீடங்கள் இருந்தபோதிலும், 'இக்போவுக்கு மன்னர் இல்லை' என்ற பழமொழி இன்றும் பெருமிதத்தோடு சொல்லப்படுகிறது. ஏனெனில் பெரும்பாலான ஊர்களில் முதியோர், பட்டம் பெற்றோர், ஒத்த வயதினர் குழுக்கள், பெண்கள் அவை ஆகியோர் கூடிப் பேசியே முடிவெடுத்தனர். ஏகே, ஓரியே, ஆஃபோ, ன்க்வோ என்னும் 4 நாள் கொண்ட வாரமும், அந்நாட்களில் முறைவைத்துக் கூடும் சந்தைகளும், விருந்தினர் முன் கோலாக் கொட்டையை உடைத்து மூத்தவர் வேண்டுதல் சொல்லும் சடங்குமே ஊருக்கு ஊர் உறவைக் கட்டின. கோலாவுக்கு ஆங்கிலம் புரியாது என்பதால் அந்த வேண்டுதலை இக்போவில்தான் சொல்ல வேண்டும் என்பது எங்கும் நிலவும் நம்பிக்கை.

ஒனிட்சாவுக்குத் தென்கிழக்கே உள்ள இக்போ-உக்வு என்னும் சிற்றூர், மன்னரற்ற சமூகத்தில் நுண்கலை வளராது என்று எண்ணியவர்களுக்கு விடையாக நிற்கிறது. 1930களின் இறுதியில் இசையா அனோசி என்பவர் தம் வீட்டு வளாகத்தில் நீர்த்தொட்டிக்காகக் குழி வெட்டியபோது வெண்கலப் பொருட்கள் வெளிப்பட்டன. பின்னர் தொல்லியலாளர் தர்ஸ்டன் ஷா 1959 முதல் 1964 வரையிலான காலத்தில் அங்கு அகழாய்வுகள் நடத்தி, பொ.ஆ. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனக் கணிக்கப்பட்ட கலங்களையும், 1,65,000க்கும் மேற்பட்ட கண்ணாடி, சூதுபவள மணிகளையும் வெளிக்கொணர்ந்தார். உருகும் பொருளால் வடிவம் செய்து, அதன்மேல் களிமண் பூசிச் சுட்டு, உருகியோடியதன் இடத்தில் உலோகம் வார்க்கும் முறையில் ஆக்கப்பட்ட இக்கலங்களில், சங்கைப் போன்ற ஒரு கலத்தின் மேற்பரப்பில் அமர்ந்திருக்கும் ஈக்கள்கூடப் பிழையின்றி வடிக்கப்பட்டுள்ளன. யானைத் தந்தங்களோடும் மணிகளோடும் அங்கே அமர்ந்த நிலையில் புதைக்கப்பட்டவர் நாடு வென்ற வீரராக இருக்க வேண்டியதில்லை. படை ஏதுமின்றி, தீட்டுக் கழிப்பதற்கும் பட்டம் வழங்குவதற்கும் உரிய சமய அதிகாரத்தால் மட்டுமே பரந்த நிலப்பகுதியில் செல்வாக்குப் பெற்றிருந்த நிரி மரபோடு அறிஞர் பலர் அவரை இணைத்துப் பார்க்கின்றனர். அக்கருத்தே பொருத்தமானதாகத் தோன்றுகிறது.

தெற்கே ஓவெரியை நோக்கிச் செல்லச் செல்லப் பேச்சு மாறுகிறது. சொல்லின் பொருளைக் குரலின் ஏற்ற இறக்கமே தீர்மானிக்கும் தொனிமொழியான இக்போவில் வட்டார வழக்குகள் எண்ணற்றவை. தாமஸ் டென்னிஸ் என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார் உள்ளூர் உதவியாளர்களுடன் பல வழக்குகளைக் கலந்து 'ஒன்றிய இக்போ' என்ற நடையை உருவாக்கி, 1913இல் விவிலியத்தை அதில் வெளியிட்டார். எவரும் வீட்டில் பேசாத அந்நடை மொழியின் உயிரைப் பறித்துவிட்டது என்பது ஒகிடியில் பிறந்த நாவலாசிரியர் சினுவா அச்செபெயின் நெடுநாளைய சினம். 1999இல் ஓவெரியில் இக்போவிலேயே ஆற்றிய உரையிலும் அதனை அவர் கடுமையாகச் சாடினார். அச்செபெயின் பக்கமே நியாயம் மிகுதி எனினும், பொது எழுத்து வடிவமின்றிப் பாடநூலும் செய்தித்தாளும் எவ்வாறு எழும் என்ற கேள்வியும் மெய்யானது. 1961இல் ஒன்வு குழு வகுத்த எழுத்துமுறை, சில உயிரெழுத்துகளின் அடியில் புள்ளியிட்டு ஒலி வேறுபாட்டைக் காட்டி, எழுத்துச் சச்சரவுக்கு மட்டும் பெருமளவு முடிவு கண்டது.

உமுவாகியாவுக்கு அருகிலுள்ள ஓலோகோவில், ஆங்கிலேயர் சான்றாணை கொடுத்து நியமித்த செயற்கைத் தலைவர்களுக்கு எதிராக, 1929 நவம்பரில் பெண்கள் திரண்டனர். தங்கள்மீதும் வரி விதிக்கப்படும் என்ற அச்சத்தால் எழுந்த அக்கிளர்ச்சியில், தவறிழைத்தவரின் வீட்டைச் சூழ்ந்து இரவெல்லாம் பாடி இழிவுபடுத்தும் பழைய பெண்கள் வழக்கமே போராட்ட முறையாயிற்று. துப்பாக்கிச் சூட்டில் 50க்கும் மேற்பட்ட பெண்கள் மாண்டனர். அதன்பின் அந்த நியமன முறை கைவிடப்பட்டது. கூடிப் பேசி முடிவெடுத்துப் பழகிய மண்ணில் தலைவரைத் திணித்ததற்கு மக்கள் கொடுத்த விலை இது.

உமுவாகியாவின் போர் அருங்காட்சியகம் அதனினும் பெரிய துயரைக் காட்டுகிறது. நைஜீரியாவிலிருந்து பிரிவதாக 1967 மே 30இல் அறிவிக்கப்பட்ட பியாஃப்ரா நாடு 1970 ஜனவரியில் வீழ்ந்தபோது, முற்றுகைப் பட்டினியால் மாண்டோர் பல லட்சம். போர் முடிந்தபின், வங்கியில் எவ்வளவு பணம் இருந்தாலும் ஒருவருக்கு 20 பவுண்டு மட்டுமே திருப்பித் தரப்பட்டது. வெறுங்கையோடு நின்றவர்களை மீட்டெடுத்ததில் 'இக்பா போய்' எனப்படும் தொழில் பயிற்சி முறைக்குப் பெரும் பங்குண்டு: இளைஞர் ஒருவர் வணிகரிடம் சில ஆண்டுகள் ஊதியமின்றிப் பணிபுரிந்து தொழில் கற்க, காலம் முடிந்ததும் அந்த வணிகரே முதல் கொடுத்துத் தனிக்கடை வைத்துத் தருகிறார்.

இவ்வழியில் எழுந்த வணிகர்களின் குடும்பங்கள் இன்று லாகோஸ் முதல் லண்டன் வரை சிதறி வாழ்கின்றன. அவர்களின் பிள்ளைகள் பலர் வீட்டில் ஆங்கிலமே பேசுவது முதியோரைக் கவலையில் ஆழ்த்துகிறது. ஆயினும் ஆண்டுதோறும் 'ஆகஸ்ட் கூட்டம்' என்ற பெயரில் வெளியூர்ப் பெண்கள் தம் ஊர்களுக்குத் திரும்பி, ஒரே நிற உடையணிந்து கூடி, மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் நிதி திரட்டுகின்றனர். ஊர்த் தகராறுகளையும் அங்கேயே பேசித் தீர்க்கின்றனர்.