காய்ச்சல் வந்த பிள்ளைகள்



இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வருகிறது. பெற்றார் வட்ஸ்அப் குழுக்களில் டீசேர்ட் படங்கள் வரத் தொடங்கிவிட்டன. "கொலர் வைத்ததா, வைக்காததா?", "பின்னுக்குப் பேர் அடிப்பதா?" என்று பேச்சு நடக்கிறது. யாரும் பிழையான எண்ணத்தில் பேசவில்லை. மூன்று வருசத்துக்கு முந்தி நானும் அப்படித்தான் பேசினேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

அந்த வருசம் மர்வா இல்லத்துக்கு நான் பொறுப்பாசிரியை. அணிநடைக்கு 52 பிள்ளைகள். மற்ற இல்லங்கள் டீசேர்ட் அடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நாங்களும் பச்சை நிறத்தில் ஒன்றைத் தெரிவு செய்தோம். நெஞ்சில் இல்லத்தின் பெயர், முதுகில் வருசம். ஒன்று 1,650 ரூபாய். "கொண்டு வர ஏலாத ஆக்கள் தனியா வந்து டீச்சர்ட்ட சொல்லுங்க" என்று வகுப்பிலே சொன்னேன். பெரிய மனசோடு சொன்னதாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஒருவரும் வந்து சொல்லவில்லை. ஆனால் பயிற்சிக்கு வருகிற எண்ணிக்கை குறைந்தது. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், இன்னொன்றுக்குத் தலைவலி, ஒருவனுக்குக் கால் சுளுக்கு. முன்வரிசையில் நன்றாக நடந்த தரம் 8 பிள்ளை ஒருத்தி நாலு நாள் தொடர்ந்து வரவில்லை. கேட்டால் "காய்ச்சலாம் டீச்சர்" என்றார்கள். டெங்கு காலம் என்பதால் பயந்துபோய் பின்னேரம் வீட்டுக்குப் போனேன்.

பிள்ளை வாசலில் இருந்து இடியப்பத் தட்டு கழுவிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் உள்ளே ஓடிவிட்டது. உம்மா கதிரையைத் துடைத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "ஒடம்புக்கு ஒண்டுமில்ல டீச்சர். மூணு புள்ளயளும் சல்லி கேட்டுட்டு நிக்கிதுகள். மூணும் மூணு இல்லம். ஒண்டுக்குக் குடுத்து மத்ததுக்கு இல்லண்டு சொல்ல ஏலுமா? அதான் ஒண்டையும் அனுப்பல்ல."

மூன்று பிள்ளைகள், மூன்று நிறம். கிட்டத்தட்ட ஐயாயிரம் ரூபாய். அதுவும் ஒரு நாளைக்கு. வருசம் அடித்த சட்டையை அடுத்த வருசம் தங்கச்சிக்கும் கொடுக்க முடியாது.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் பெரிய பிழை. அடுத்த நாள் என் காசில் ஒரு டீசேர்ட் வாங்கி, ஆசிரியர் அறையில் வைத்து அந்தப் பிள்ளையிடம் கொடுத்தேன். வாங்கியது, ஜஸாகல்லாஹ் கைரன் சொன்னது. போட்டி அன்று வரவில்லை. சட்டை யார் கொடுத்தது என்று அதற்குள் வகுப்புக்கே தெரிந்திருந்தது. யார் சொன்னார்கள் என்று விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. ஆசிரியர் அறைக்கு அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, கையில் பையோடு திருப்பி அனுப்பியது நான்தானே.

அன்று இரவு ஒரு விடயத்தை யோசித்தேன். நம் நாட்டில் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடைத் துணி கொடுக்கிற திட்டம் 1993 இல் தொடங்கியது. இடையில் சில வருசம் துணிக்குப் பதிலாக வவுச்சர் கொடுத்தார்கள். ஆனாலும் நோக்கம் ஒன்றுதான்: வைத்தியரின் பிள்ளையும் மீன் வியாபாரியின் பிள்ளையும் ஒரே வெள்ளையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். வருசம் முழுக்க அரசாங்கம் மறைத்துக் கொடுக்கிற அந்த வித்தியாசத்தை, மைதானத்தில் எல்லோருக்கும் முன்னால் ஒரே நாளில் நாங்கள் வெளியில் எடுத்துக் காட்டுகிறோம்.

அடுத்த வருசம் அதிபரிடம் போய் ஒரு அனுமதி கேட்டேன்: "எங்கட இல்லம் சீருடையிலேயே நடக்கட்டும் சேர். நிறத்தை மட்டும் நாங்க குடுக்கிறம்." நடுவர்களுக்குக் கொடுக்கிற புள்ளித்தாளையும் வாங்கிப் பார்த்தேன். வரிசை, காலடி, கைவீச்சு, மரியாதை செலுத்தும் முறை, உடை ஒழுங்கு என்று இருந்தது. டீசேர்ட் என்ற சொல் அதில் எங்கும் இல்லை.

நாங்கள் செய்ததை அப்படியே எழுதுகிறேன். வேறு பாடசாலை ஆசிரியர்களுக்கும் உதவும்.

முதலாவது, தோள்பட்டி. கல்முனை பஸாரில் 45 அங்குல அகலப் பச்சைத் துணி 12 மீற்றர் வாங்கினோம். மீற்றர் 480 ரூபாய். அதை இரண்டு இரண்டு மீற்றராக ஆறு துண்டு வெட்டி, ஒவ்வொரு துண்டையும் நீளவாக்கில் நாலரை அங்குலப் பட்டிகளாகக் கிழித்தால் பத்துப் பட்டி வரும். ஆறு பத்து அறுபது. இரண்டு ஓரமும் கால் அங்குலம் மடித்துத் தைத்தால் நாலு அங்குலப் பட்டி. இரண்டு மீற்றர் நீளம் பெரிய பிள்ளைக்கும் காணும். சின்னப் பிள்ளைக்கு இடுப்புப் பக்கம் ஊசி குத்தி அளவெடுக்கலாம், வெட்டக் கூடாது. வெட்டினால் அடுத்த வருசம் பெரிய பிள்ளைக்கு உதவாது. துணி 5,760, நூல் 300, ஊசி 240. மொத்தம் 6,300 ரூபாய். பிள்ளைக்கு 121 ரூபாய் வந்தது. முந்திய வருசம் டீசேர்ட்டுக்குப் போனது 85,800.

தைத்தது நாலு உம்மாமார். அதில் ஒருவர் அந்த இடியப்ப வீட்டு உம்மா. அவருக்குத் தையல் தெரியும் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. அணித் தலைவிக்கும் கொடி பிடிக்கிற பிள்ளைக்கும் கொஞ்சம் எடுப்பாக இருக்க வேண்டும் என்று மருதமுனை நெசவுக்கார காக்கா ஒருவரிடம் கேட்டோம். கைத்தறியில் மிஞ்சிய பச்சைத் துண்டு தந்தார். காசு வாங்கவில்லை.

இரண்டாவது, சப்பாத்து. உண்மையான பிரச்சினை இங்கேதான். 2022 நெருக்கடிக்குப் பிறகு சப்பாத்து விலை எங்கேயோ போய்விட்டது. எத்தனையோ பிள்ளைகள் முன்பக்கம் கிழிந்ததையே போட்டு வருகிறார்கள். ஆனால் பிள்ளைகளின் கால் வளர்கிற வேகத்துக்கு, பழுதாகாத சப்பாத்து எத்தனையோ வீடுகளில் சும்மா கிடக்கிறது. பழைய மாணவர்களிடம் கேட்டோம். 23 சோடி வந்தது, 17 பாவிக்கக்கூடியது. அடி கழன்றதை ஒட்டுவித்து, கழுவிக் காயவைத்து, உள்நாக்கில் அளவை மட்டும் எழுதினோம்.

மூன்றாவதுதான் முக்கியமானது: கொடுக்கிற முறை. இல்லாதவர்களைக் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை. போட்டிக்கு முந்திய நாள் "சப்பாத்து வெள்ளையடிக்கிற நாள்" என்று வைத்தோம். 52 பேரும் தங்கள் சப்பாத்தை ஒரே இடத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். எங்களுடைய 17 சோடியையும் அதற்குள்ளேயே வைத்தோம். எல்லோரும் சேர்ந்து எல்லாவற்றுக்கும் வெள்ளையடித்தார்கள். காய்ந்த பிறகு அளவு வாரியாக அடுக்கி, காலுக்குச் சரியானதை எடுக்கச் சொன்னோம். சிலருக்குத் தங்களுடையதே கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. யாருடையது யாருடைய காலில் என்று எனக்கே தெரியாது. தோள்பட்டியும் அப்படித்தான். இலக்கம் போட்ட பெட்டியிலிருந்து எல்லோரும் எடுத்தார்கள், போட்டி முடிய எல்லோரும் திருப்பிக் கொடுத்தார்கள். அது பிள்ளையின் சாமான் இல்லை, இல்லத்தின் சாமான்.

எதிர்ப்பும் வந்தது. ஒரு வாப்பா நேரிலேயே கேட்டார்: "எனக்கு வசதி இருக்கு டீச்சர், என்ட புள்ளைக்கு நல்லதா ஒண்டு வாங்கிப் போட என்னத்துக்கு மறிக்கிறீங்க?" அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. தன் பிள்ளையை அழகாகப் பார்க்க எந்த வாப்பாவுக்கு ஆசை இல்லை? நான் சொன்னேன்: "பெருநாளைக்கு வாங்கிப் போடுங்க. மைதானத்தில 52 பிள்ளையும் ஒண்டா நடக்கிறதுதான் அழகு." அவர் முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனாலும் போட்டி அன்று பிள்ளைகளுக்குத் தோடம்பழமும் தண்ணீரும் அவருடைய வாகனத்தில்தான் வந்து இறங்கியது. அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்யட்டும்.

அணிநடையில் எங்களுக்கு மூன்றாம் இடம். நாலு இல்லத்தில் மூன்றாவது. டீசேர்ட் போட்ட இல்லம்தான் முதலாவது. உண்மையாகவே நன்றாக நடந்தார்கள். எங்கள் பின்வரிசை சல்யூட்டில் பிந்திவிட்டது. அது பயிற்சிக் குறை, உடைக் குறை இல்லை.

ஆனால் பெயர்ப் பட்டியலில் இருந்த 52 பேரில் 51 பேர் நடந்தார்கள். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றார்கள். எனக்கு நெஞ்சு திக்கென்றது. போட்டி முடிய நேராக வீட்டுக்குப் போய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். அல்ஹம்துலில்லாஹ், உண்மையாகவே சுட்டது! காய்ச்சலுக்கு அல்ஹம்துலில்லாஹ் சொன்ன டீச்சர் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்தப் பிள்ளையின் உம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அந்த இடியப்ப வீட்டுப் பிள்ளை முன்வரிசையில் வலது பக்கம் நடந்தது. இந்த வருசம் அதுதான் அணித் தலைவி.

தோள்பட்டிப் பெட்டி அலுமாரியில் இருக்கிறது. இந்த முறை துணிச் செலவு இல்லை. சப்பாத்துதான் தேவை, மற்ற இல்லங்களும் இம்முறை கேட்டிருக்கின்றன. வீட்டில் பிள்ளைக்குச் சின்னதாகிப்போன வெள்ளைச் சப்பாத்து இருந்தால், கழுவிக் காயவைத்து, வருகிற வியாழக்கிழமைக்கு முன் பாடசாலை வாசலில் இருக்கிற பெட்டியில் போட்டுவிடுங்கள்.

அளவை மட்டும் எழுதுங்கள். பெயர் எழுத வேண்டாம்.